அறுபத்தைந்தைத் தாண்டிய முதல் ஆண்

இது நீண்ட பதிவு. என் ஆய்வேட்டின் எந்த இயலிலும் இடம்பெற முடியாத செய்தி என்பதாலும், இரண்டு ஆண்டுகளாக மனத்துக்குள்ளேயே எழுதியும் அழித்தும் வருவதாலும் இங்கே எழுதிவைக்கிறேன். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று மாணவர்கள் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. அவர்கள் எதிர்பார்க்கும் விடை இதில் இராது. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது ஓரளவு தெரியலாம்.

2022 டிசம்பரில் ஒரு பிற்பகல், பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் மரபியல் ஆலோசகர் எதிரே அப்பாவும் நானும் அமர்ந்திருந்தோம். அப்பாவுக்கு அப்போது 69 வயது. புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிய பிறகே கண்டறியப்பட்டிருந்தது. கோலார் தங்கவயலில் முதுகுவலி இல்லாத முன்னாள் சுரங்கத் தொழிலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே எட்டு மாதம் தைலம், வலிமாத்திரை, இடுப்புப் பட்டை என்றே போயிற்று. பி.எஸ்.ஏ. என்ற எளிய இரத்தப் பரிசோதனையைச் செய்துபார்க்கும்படி எந்த மருத்துவரும் சொல்லவில்லை. மரபியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மகளும் சொல்லவில்லை. நான் கேழ்வரகு ஆய்வு செய்பவள். மனித நோய் என் துறையன்று என்று பின்னாளில் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் பரிசோதித்தபோது அந்த எண் 400ஐத் தாண்டியிருந்தது. 4க்குக் கீழே இருந்தால்தான் வழக்கமாக இயல்பு என்பார்கள்.

இந்நோய் உடலில் பரவிய நிலையில் உள்ள ஆண்களுக்குப் பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். அதன் பின்னணியில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நோய் பரவிய 692 ஆண்களைப் பரிசோதித்ததில் 82 பேரிடம், அதாவது 11.8 விழுக்காட்டினரிடம், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவியிலேயே சிதைவு இருந்தது. குடும்பத்தில் முன்னர் இந்நோய் இருந்ததா இல்லையா என்பது இந்த விகிதத்தைப் பெரிதாக மாற்றவில்லை என்பதே அதில் நான் பல முறை திரும்பப் படித்த வரி.

ஆலோசகர் இளம்பெண்; மிகுந்த பொறுமையுடையவர். "உங்க குடும்பத்துல ஆண்கள் வேற யாருக்காவது இந்த நோய் இருந்துச்சாங்க, ஐயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எங்க வூட்டு ஆம்பிளைங்க யாருக்கும் இந்த நோவு வந்தது கிடையாது."

குடிவழி வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு, நோயுற்றவருக்குக் கறுப்பு நிரப்பல் என்பது மரபு. ஆலோசகர் வரைந்த தாளில் எங்கள் தந்தை வழியில் நான்கு சதுரங்கள். மூன்றின்மேல் சாய்கோடு. கறுப்பாக நிரம்பியிருந்தது ஒன்று மட்டுமே, அப்பா. "தனித்து வந்தது போலத் தோன்றுகிறது" என்றார் ஆலோசகர். நானும் தலையசைத்தேன்.

அன்று மாலை மாரிக்குப்பம் ரயிலில் ஊர் திரும்பினோம். சுரங்கம் மூடிய பிறகு அப்பா பெங்களூரில் காவலாளியாக வேலை பார்த்துப் பதினான்கு ஆண்டுகள் நாள்தோறும் போய் வந்த அதே ரயில். தங்கவயலின் பாதி ஆண்கள் அதில்தான் மூப்படைந்தார்கள் என்று தோன்றும். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது, மடியிலிருந்த தாளை மறுபடியும் பார்த்தேன். சாய்கோடு போட்ட மூன்று சதுரங்களின் பக்கத்திலும் இறந்த வயதை ஆலோசகர் சிறிய எழுத்தில் குறித்திருந்தார். தாத்தா, 52, நுரையீரல். தாத்தாவின் தம்பி, 47, அதுவும் நுரையீரல். பெரியப்பா, 29, பூமிக்கடியில் பாறைவெடிப்பு.

புரோஸ்டேட் புற்றுநோய் 50 வயதுக்கு முன்னே அரிது. பெரும்பாலும் 65ஐ ஒட்டியும் அதற்குப் பிறகுமே வெளிப்படுவது. எங்கள் குடும்பத்தில் 65ஐத் தாண்டிய முதல் ஆண் அப்பாதான். மற்றவர்களுக்கு அந்நோய் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. வருகிற வயதுவரை அவர்கள் இருக்கவில்லை என்பதே உண்மை.

புள்ளியியல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. கண்காணிப்புக் காலம் முடியுமுன் வேறு காரணத்தால் விலகிவிடுகிறவரைத் 'தணிக்கையுற்ற தரவு' என்போம். அவர் பெயருக்கு நேரே 'நோய் இல்லை' என்று எழுதக் கூடாது. 'தெரியாது' என்றே எழுத வேண்டும். முதலாண்டு முதுகலை மாணவருக்கும் தெரிந்த இந்த விதி என் சொந்தத் தாத்தாவின் சதுரத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கோலார் தங்கவயல் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். திரைப்படத்தில் பார்த்த ஊரை மறந்துவிடுங்கள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிலமற்றோரும், அவர்களுள் பெரும்பான்மையாகத் தலித் மக்களும், பஞ்சத்துக்கும் ஊர்ச் சாதிக்கும் தப்பி வந்து மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் வெட்டியெடுத்த வெற்றிடத்தை நோக்கிப் பாறை தன் அழுத்தத்தாலேயே வெடித்துச் சிதறும். வெடிக்குமுன் பாறை எழுப்பும் நுண்ணதிர்வுகளைப் பதிவுசெய்ய 1970களின் இறுதியில் கருவிகள் பொருத்தப்பட்டன. 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று பதிவாயிற்று. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டதும் கோலார்ச் சுரங்கத்திலிருந்தே, 1947இல். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசு அது. பிற்பாடு 1997இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை படிகச் சிலிக்காவை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் முதல் வகைப் பொருளாகச் சேர்த்தது. இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்பட்ட ஊர் இந்தியாவில் குறைவு. ஆயினும் என் அத்தைகள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் எங்கும் இல்லை.

அத்தைகளிடம் இப்போது வருகிறேன். ஆலோசகர் 'ஆண்கள் யாருக்காவது' என்று கேட்டார். அப்பா கேட்டதற்கு விடை சொன்னார். தவறு இருவர் மீதுமில்லை. ரயில் கோரமண்டல் நிறுத்தத்தை நெருங்கும்போது நான் கேட்டேன்: "பெரிய அத்தை எப்படிப்பா செத்துப்போனாங்க?"

"மார்ல கட்டி. செய்வினைன்னு உங்க ஆயா முளுபாகல் பக்கம் கூட்டினு போனாங்க. அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள புண்ணாயிடுச்சி."

"சின்ன அத்தை?"

"அவளுக்கு மகோதரம். வயித்துல தண்ணி. மாசமா இருக்கறான்னு ஊரே சொல்லுச்சி." சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் பொம்பளைங்க நோவு. கட்டிக் குடுத்துட்டா வேற வூடு. இத்தப் போயி எதுக்குக் கேக்கற?"

பெரிய அத்தை 1989இல் 44 வயதில். சின்ன அத்தை 1996இல் 46 வயதில். வயிற்றில் நீர் கட்டி நாற்பதுகளில் இறந்த பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருந்திருக்கலாம். காசநோயாகவோ கல்லீரல் நோயாகவோகூட இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இரண்டு வட்டங்களைச் சேர்த்து, ஒன்றை முழுதும் மற்றதைப் பாதியும் நிரப்பிப் பாருங்கள். படம் அடியோடு வேறாகிவிடுகிறது.

பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவை நம்மில் பலர் மார்பகப் புற்றுநோயின் பெயரால் அறிவோம். அதன் பெயரிலேயே மார்பகம் இருக்கிறது. அந்தப் பெயர் செய்த கெடுதல் சிறிதன்று என்பது என் தனிப்பட்ட கருத்து. 13ஆம் குரோமோசோமில் அமைந்த அது, 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதத்தை உண்டாக்குகிறது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகும்போது, அதைப் பிழையின்றி ஒட்டவைக்கும் வேலையில் அப்புரதம் பங்கேற்கிறது. அந்த வேலைக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை. ஒரு பிரதி பிறவியிலேயே சிதைந்தவருக்கு, ஏதேனும் ஓர் உயிரணுவில் மற்றப் பிரதியும் கெட்டுவிட்டால் பழுதுகள் சேரத் தொடங்கும். பெண்ணில் அது பெரும்பாலும் மார்பகத்திலும் சினைப்பையிலும், ஆணில் புரோஸ்டேட்டிலும் வெளிப்படுகிறது. மேலை நாட்டுக் குடும்பங்களில் கணக்கிட்டவாறு, இத்தகைய சிதைவுள்ள ஆண்களில் 75 வயதுக்குள் சுமார் 27 விழுக்காட்டினருக்கும், 85க்குள் சுமார் 60 விழுக்காட்டினருக்கும் புரோஸ்டேட் புற்றுநோய் வருகிறது. பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடு, சினைப்பையில் 17. ஆகவே அப்பாவின் நோய் அப்பாவோடு நிற்கும் செய்தியன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனக்கு 32 வயது. அண்ணனுக்கு 38. இம்மரபணுவில் சிதைவுள்ள ஆண்கள் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்த்துவர வேண்டும் என்பார்கள்.

பி.ஆர்.சி.ஏ.2 ஒன்று மட்டுமே காரணமென்று எண்ணிவிட வேண்டாம். ஏ.டி.எம். என்றொரு மரபணு (வகுப்பில் இப்பெயரைச் சொன்னால் பணம் எடுக்கும் இயந்திரத்தை நினைத்து எவரேனும் ஒருவர் சிரிக்காமல் இருந்ததில்லை), செக்2, லின்ச் கூட்டுநோயோடு தொடர்புடைய எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகியவையும் உண்டு. 2012இல் அறியப்பட்ட ஹாக்ஸ்பி13 மரபணுவின் ஜி84இ மாறுபாடு வட ஐரோப்பிய வம்சாவளியினரிடையே காணப்படுகிறது. இவை அரியவை, வலியவை. மறுபுறம், தனித்தனியே மிக எளிய விளைவை உடையவையும் பலரிடம் இருப்பவையுமான மாறுபாடுகள் உள்ளன. 8ஆம் குரோமோசோமின் 8கியூ24 பகுதி 2006இல் கவனத்துக்கு வந்தது. 2018இல் இத்தகைய இடங்கள் 147, 2021இல் 269, 2023இல் 451 என்று பட்டியல் நீண்டது. கடைசி ஆய்வில் நோயாளிகள் மட்டும் 1,56,000க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். 'ஆசியர்' என்ற தலைப்பின் கீழ் வருவோரும் பெரும்பாலும் கிழக்காசியரே.

2016இல் வெளியான நார்டிக் இரட்டையர் ஆய்வின்படி இந்நோயின் மரபுவழிப் பங்கு 57 விழுக்காடு. புற்றுநோய்களில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இந்த எண்ணை மாணவர்கள் வழக்கமாகத் தவறாகப் படிக்கிறார்கள். ஒருவருடைய நோயில் பாதிக்கு மேல் பரம்பரையால் வந்தது என்பது இதன் பொருளன்று. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், அதன் குறிப்பிட்ட சூழலில், மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே பொருள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பெரும்பாலோர் முதுமைவரை வாழ்கிறார்கள். 29 வயதில் பாறைவெடிப்பில் இறந்த இரட்டையர் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என் தாத்தா வாழ்ந்த மாரிக்குப்பத்தில் இதே கணக்கைப் போட்டால் எண் வேறாகத்தான் வரும்.

இந்த இடத்தில்தான் ஊரின் கேள்வி வந்து மறித்தது. தங்கவயலில் எந்த நோய்க்கும் காரணம் ஒன்றே: சுரங்கம். சயனைடு மேட்டிலிருந்து கோடைக் காற்றில் பறக்கும் வெண்தூசு. அதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. மூச்சுத் திணறி இறந்தவர்களைக் காசநோய்க்காரர்கள் என்று எழுதிவைத்து இழப்பீட்டை மறுத்த காலத்தை அறிந்த ஊர் அது. எதிர்வீட்டு மாமா, அப்பாவோடு ஒரே ஷிப்டில் கேஜில் இறங்கியவர், என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டார்: "ரத்தத்துலயே வர்றதுன்னு நீ எழுதிட்டா, அப்போ மைன்ஸ் மேல தப்பில்லேன்னு ஆயிடுதே. இதுக்குத்தான் படிக்க வெச்சமா?"

விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவருடைய அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் டுபாண்ட் நிறுவனம் தன் கறுப்பினப் பணியாளர்களிடம் அரிவாள் செல் பண்பைப் பரிசோதித்தது, வேதித் தொழிற்சாலையைச் சீராக்குவதைவிடத் தொழிலாளியின் இரத்தத்தைக் குறைசொல்வது எளிது என்ற கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே ரயில் நிறுவனம் மணிக்கட்டு நரம்பு நோய்க்கு இழப்பீடு கோரிய தொழிலாளர்களின் இரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலேயே மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியது. 2001 பிப்ரவரியில் அதன்மீது வழக்குத் தொடரப்பட்டு, மறு ஆண்டு 22 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளியானதும் அதே பிப்ரவரியில்தான். அம்மாதம் 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. இந்த மூன்றையும் ஒரே மாதத்தில் வைத்தது தற்செயல். ஆனாலும் நான் அதை மறப்பதில்லை.

மாமாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: தாத்தாவின் நுரையீரலுக்கு மரபணு காரணமன்று, அது தூசு. அப்பாவின் புரோஸ்டேட்டுக்குச் சயனைடு காரணமென்று சொல்லச் சான்றில்லை. ஆர்செனிக்குக்கும் காட்மியத்துக்கும் உலக முகமை வரம்புக்குட்பட்ட சான்று உண்டு என்கிறது. சயனைடு அதில் இல்லை. ஆனால் இந்த நோய் பரம்பரையில் இருந்ததா என்பதை நாம் அறிய முடியாமல் போனதற்குச் சுரங்கமும் ஒரு காரணம். காட்டியிருக்க வேண்டிய ஆண்கள் அந்த வயதுவரை இருக்கவில்லை. மாமா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையும் சேத்து எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

பரிசோதனை முடிவு 2023 மார்ச்சில் வந்தது. பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதற்கு எதிரே, 'பொருள் உறுதிசெய்யப்படாத மாறுபாடு'. இது தீமை செய்வதா, கூந்தலின் சுருள்போல வெறும் வேறுபாடா என்று சொல்லத் தரவு போதாது என்பதே அந்தச் சொற்றொடரின் பொருள். ஐரோப்பிய வம்சாவளியைச் சாராதவர்களுக்கு இத்தகைய முடிவு அடிக்கடி வருகிறது. காரணம் உயிரியலில் இல்லை; ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்களில் நம்மவர் குறைவு.

ஐஸ்லாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத தீவு. 1955 முதல் நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு, அதனோடு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லும் குடிவழிக் குறிப்புகள். அங்கே பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் ஒரே ஒரு மூதாதை மாறுபாடு மிகப் பல குடும்பங்களில் ஓடுகிறது. அதை உடைய ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் கடுமையாக வருவதைப் பதிவேட்டிலிருந்தே காட்ட முடிந்தது. மூதாதை மாறுபாடுகளுக்கு நம்மிடம் குறைவில்லை. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல் மூதாதை விளைவு ஃபின்லாந்தினரையும் அஷ்கெனாசி யூதரையும்விட வலுவாக இருந்தது. அகமணத்தால் வந்தது அது. சாதியின் வேலியைப் பற்றி நாம் எத்தனையோ பக்கங்களில் பேசுகிறோம். அது குருதியில் இட்டுச்சென்ற கோடும் இது.

எங்கள் வீட்டுக் கதை இன்னும் சிக்கல். ஆயா, தாத்தாவின் உடன்பிறந்த அக்காள் மகள். அந்த மாறுபாடு தந்தைவழி வந்ததா தாய்வழி வந்ததா என்று ஆலோசகர் கேட்டபோது, இரண்டும் ஒரே வழிதான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கேழ்வரகில் எந்தச் செடியை எதனோடு கூட்டுவது என்பதை நாமே முடிவு செய்கிறோம். பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது; ஒரு கலப்புக்காக ஒரு காலை முழுதும் குனிந்திருக்க வேண்டும். ஆனாலும் தாய் யார், தந்தை யார் என்பதில் ஐயமிராது. அந்த வசதி எங்கள் வீட்டு வரைபடத்தில் இல்லை.

பதிவேடுகளைப் பற்றியும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் பெங்களூரில் 1982 முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு நடந்துவருகிறது. கித்வாய் நிறுவனம் அதை நடத்துகிறது. மிகச் சிறந்த பணி. ஆனால் அது பெங்களூரில் வசிப்போரை எண்ணுவது. 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ரயிலேறிவந்து அந்நகரில் சிகிச்சை பெறுகிற தங்கவயல்காரர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் டோக்கன் எண் இருந்தது. இறங்கியவர் ஏறினாரா என்று ஷிப்டுக்கு ஷிப்டு பார்த்தார்கள்.

'உறுதிசெய்யப்படாத' என்ற முடிவின்மேல் எந்த மருத்துவ முடிவும் எடுக்கக் கூடாது என்பது விதி, சரியான விதி. ஆகவே எனக்கும் அண்ணனுக்கும் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதில் பொருளில்லை. அண்ணன் எப்படியும் மறுத்துவிட்டான். அலுவலகக் காப்பீட்டுக்குத் தெரிந்தால் என்னாவது என்கிறான். மரபணுக் கோளாறு என்ற பெயரால் காப்பீட்டை ஒட்டுமொத்தமாக மறுப்பது பாகுபாடு என்று 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினேன். "கோர்ட்டுல சொன்னது எச்.ஆருக்குத் தெரியுமா?" என்றான். அப்பாவுக்கோ இதில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை இப்போது நோயை அடக்கிவைத்திருக்கிறது. ஒரு நாள் அடங்காமல் போகும். அன்று ஒலாபரிப் போன்ற மருந்துகள், பி.ஆர்.சி.ஏ. உண்மையிலேயே சிதைந்திருந்தால் மட்டுமே, ஒரு வழியாகத் திறக்கும். ஐயத்துக்கு மருந்து எழுதித்தர மாட்டார்கள்.

ஐயத்தைக் குறைக்க ஒரு வழி, குடும்பத்தில் நோயுற்ற மற்றவர்களிடமும் அந்த மாறுபாடு உள்ளதா என்று பார்ப்பது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மாரிக்குப்பம் இடுகாட்டில் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் பெரிய அத்தையின் மகள் ஒருவரே. முறைப்படி எனக்கு அண்ணி. சுரங்கம் மூடியபோது கிளம்பிப்போன நூற்றுக்கணக்கான குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். 47 வயதில் ஒரு மார்பை எடுத்தாயிற்று.

2023 மே மாதம் அவரைத் தேடிப் போனேன். மஞ்சள் பையிலிருந்து தன் சிகிச்சைத் தாள்களையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்பினார். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரத்தம் என்றதும் கையை இழுத்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு வரன் பாத்துனு கீறோம். ரத்தத்துலயே கீதுன்னு எழுதிக் குடுத்துட்டா யாரு கட்டுவா, சொல்லு? உனக்கென்ன, படிச்சவ. எங்கம்மா கதையே எம் மாமியாருக்குத் தெரியாது."

அவரை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. அவர் இந்த மாறுபாட்டைக் கொண்டிருக்கும் வாய்ப்பு, சொந்தத்துள் மணத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான்கில் ஒன்று. இருந்தாலும் அது நிரூபணமாகாது. தராசில் ஒரு நெல்மணி அளவு எடை. இல்லாவிட்டால் எதிர்த்தட்டில் ஒரு மணி. ஒரு நெல்மணிக்காக ஒரு பெண்ணின் திருமணப் பேச்சில் கைவைக்கலாமா? அன்று அந்தக் கூடத்தில் பேசியது அப்பாவுக்கு மருந்து தேடும் மகளா, தன் மார்பைப் பற்றி அஞ்சும் பெண்ணா, அரிய குடும்பம் ஒன்று கையில் கிடைத்துவிட்ட ஆய்வாளரா என்பதை நான் இன்னும் பிரித்தறிய முடியவில்லை. மூவரும்தான் பேசியிருப்போம். தேநீர் குடித்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை மற்ற மார்பைப் பரிசோதிக்கத் தவற வேண்டாம் என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். பொண்ணுக்கும் முப்பதுக்கு மேல் கவனம் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, சென்ற மாதம், அண்ணியே அழைத்தார். மகளுக்குத் திருமணம் முடிந்துவிட்டதாம். அதற்கு என்னை அழைக்கவில்லை என்பதை இருவருமே பேசவில்லை. "வந்து எடுத்துக்கோ. அவளே சொன்னா. எனக்கு வருமா வராதான்னு தெரிஞ்சிக்கணும்னு என்னியப் புடிச்சி உலுக்கறா. நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும்ன்றா."

போன சனிக்கிழமை ஆம்பூர் போய் வந்தேன். இரண்டு குப்பிகள். ஆய்வகம் ஆறு வாரம் கேட்டிருக்கிறது. ஞாயிறு காலை வீட்டில் பழைய வரைபடத்தைப் புதிதாக வரைந்துகொண்டிருந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தாத்தாவின் சதுரத்துக்கு அருகே காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்க ஒண்ணு போடு. தாத்தாவோட தங்கச்சி. குடியாத்தத்துலயே இருந்துட்டாங்க, மைன்ஸுக்கு வரல. அவங்களுக்கும் மார்லதான்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"பேரு இன்னாப்பா?"

நினைவில்லை என்றார். இரவு சாப்பிடும்போது மறுபடி முயன்று பார்த்தார், வரவில்லை. வட்டத்தை வரைந்து பெயரில்லாமல் விட்டிருக்கிறேன். அவருடைய அடுத்த ஊசி வரும் 22ஆம் தேதி.